இதாக்காவில் எத்தனை ராஜாக்கள்?

கேள்வி: ஐயா, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகளுக்கு இந்தப் பருவம் ‘ஒடிசி’ பாடம். அவளோடு சேர்ந்து நானும் படித்து முடித்தேன். கதை பிடித்தது, கதாநாயகன்தான் பிடிபடவில்லை. ஒடிசியஸை இதாக்காவின் ராஜா என்கிறார்கள். அந்த ராஜாவின் வீட்டு வாசலிலேயே சாணம் குவிந்து கிடக்கிறது. அப்பா லேயர்ட்டிஸ் உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் ஒட்டுப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறார். ராஜா இருபது வருஷம் ஊரில் இல்லையே, நாட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மந்திரி உண்டா, காவலுக்கு ஒரு சிப்பாய் உண்டா? நூற்றுச் சொச்சம் வாலிபர்கள் வீட்டுக்குள் புகுந்து ஆடு மாடுகளை வெட்டித் தின்கிறார்கள், கேட்க நாதியில்லை. இது என்ன ராஜ்யம், இவன் எதற்கு ராஜா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் காண்டத்தில் அவன் மகன் டெலிமாக்கஸே இதற்குப் பதில் சொல்லிவிடுகிறான். வீட்டுக்குள் புகுந்த வாலிபர்களில் ஒருவனான ஆன்டினோஸ் அவனைச் சீண்டுகிறான்: பிறப்பின்படி உனக்கு உரியதுதான், ஆனாலும் ஜீயஸ் உன்னை இதாக்காவுக்கு ராஜாவாக்காமல் இருக்கட்டும் என்று. பையன் சண்டைக்குப் போகவில்லை. இந்தத் தீவில் இளையவர்களும் முதியவர்களுமாக ராஜாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் எவனாவது அதை வைத்துக்கொள்ளட்டும். என் வீட்டுக்கும் அப்பா எனக்காகச் சேர்த்துவைத்த அடிமைகளுக்கும் மட்டும் நான்தான் எஜமான் என்கிறான். கதை ஓட்டத்தில் நாம் தாண்டிவிடும் இடம் இது. உங்கள் குழப்பத்துக்கான திறவுகோலும் இதுதான்.

இதாக்காவில் ஒரே ஒரு சிம்மாசனம் கிடையாது. நிலமும் மந்தையும் ஆளும் உள்ள பெரிய வீடுகள் பல இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டின் தலைவனும் தன்னளவில் ராஜாதான். அவர்களில் யாருக்குச் செல்வமும் கைபலமும் பேச்சுத்திறமும் கூடுதலோ, யார் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படுகிறார்களோ, அவன் முதல்வன். ஒடிசியஸ் கரையொதுங்கும் ஃபையேக்கியர் நாட்டிலும் இதே ஏற்பாடு: அங்கே 12 ராஜாக்கள், அல்கினோஸ் 13-ஆவது. விருந்தாளிக்கு ஆளுக்கொரு வெண்கலக் கொப்பரை கொடுப்போம், அதற்கான செலவைப் பிறகு ஊராரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று அல்கினோஸ் சகராஜாக்களிடம் கூசாமல் சொல்கிறான். வரி என்று எதையாவது காட்டியே ஆகவேண்டுமானால் அந்த வசூலைக் காட்டலாம்.

ஆக, ஒடிசியஸின் அதிகாரம் அவன் வீட்டில் இருந்து வருகிறது. அந்த வீட்டின் சொத்துக்கணக்கை, பன்றி மேய்க்கும் யூமேயஸ் பதினான்காம் காண்டத்தில் மனப்பாடமாக ஒப்பிக்கிறான். எதிர்க்கரைப் பெருநிலத்தில் மாட்டு மந்தை 12, ஆட்டு மந்தைகளில் செம்மறி 12, வெள்ளாடு 12, பன்றிக் கூட்டம் 12. தீவிலேயே வெள்ளாட்டு மந்தை 11. அவன் பொறுப்பில் இருக்கும் தொழுவங்கள் 12, ஒவ்வொன்றிலும் 50 பெண் பன்றிகள். ஆண் பன்றிகள் 360தான்; மிச்சத்தை அந்த அழையா விருந்தாளிகள் தின்று தீர்த்துவிட்டார்கள். இருபது பேரின் சொத்தைச் சேர்த்தாலும் எங்கள் எஜமானுக்கு ஈடாகாது என்று அந்த அடிமை பெருமைப்படுகிறான். நாணயம் இல்லாத உலகம் அது. எந்தப் பொருளுக்கும் விலை, இத்தனை மாடு என்பதுதான்.

ஆனால் இந்தப் பெருமை உள்ளூரோடு சரி. டிராய்க்குப் போன கப்பல்களின் பட்டியல் ‘இலியட்’ இரண்டாம் காண்டத்தில் இருக்கிறது. அகமெம்னானுக்கு 100 கப்பல், நெஸ்டருக்கு 90. நம் ஆளுக்கு 12. ஸ்பார்ட்டாவின் ராஜா மெனலாஸ் மூன்று குதிரைகளும் தேரும் பரிசாகக் கொடுக்க வரும்போது டெலிமாக்கஸ் பணிவாக மறுத்துவிடுகிறான்: எங்கள் ஊரில் தேர் ஓட்ட அகலமான வெளி இல்லை, புல்வெளி இல்லை, அது வெள்ளாடு மேயும் பூமி. கிரேக்கக் காவிய நாயகர்களில் இவனைப்போலச் சின்ன இடத்திலிருந்து வந்து பெரிய பெயர் வாங்கியவன் அபூர்வம். அக்கிலீஸின் தாய் கடல்தேவதை. ஒடிசியஸின் பெற்றோரில் அப்படிக் கடவுள் யாரும் இல்லை. தாய்வழித் தாத்தா ஆட்டோலைக்கஸ், திருட்டிலும் சத்தியம் செய்து ஏய்ப்பதிலும் ஊரறிந்த கெட்டிக்காரர். பேரனுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான் என்பதை ஹோமர் வெட்கப்படாமல், கொஞ்சம் ரசித்தே சொல்கிறார்.

வாசல் சாணத்துக்கு வருகிறேன். அது வயலுக்குப் போக வேண்டிய எரு. இருபது வருஷமாகக் காத்திருந்த நாய் ஆர்கஸ் அதன்மேல்தான் கிடக்கிறது. எரு குவிந்திருந்தால் மாடு இருக்கிறது என்று பொருள். அந்த உலகத்துக் கண்ணுக்கு அது செல்வத்தின் அடையாளம். ராஜா தானே உழுவான், தானே அறுப்பான். பிச்சைக்காரன் வேஷத்தில் இருக்கும்போதுகூட ஒடிசியஸ், வா, புல்லறுப்பிலும் உழவிலும் போட்டி வைத்துப் பார்க்கலாம் என்று அந்த வாலிபர்களில் ஒருவனான யூரிமாக்கஸை அழைக்கிறான். தன் படுக்கையறையை அவனே கட்டினான். வேரோடு நின்ற ஆலிவ் மரத்தைக் கட்டில் காலாகச் செதுக்கினான். அல்கினோஸின் மகள் நாசிக்கா வண்டியில் அழுக்குத் துணி ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறாள். உடலுழைப்பு அங்கே இழுக்கு இல்லை. வியாபாரிதான் இழுக்கு: உன்னைப் பார்த்தால் லாபக்கணக்குப் பார்க்கும் சரக்குக் கப்பல்காரன் மாதிரி இருக்கிறது என்று ஒருவன் சொன்னதும் ஒடிசியஸுக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் நீங்கள் கடற்கொள்ளையரா என்று நெஸ்டர் டெலிமாக்கஸிடம் சாதாரணமாக விசாரிக்கிறார், யாரும் முகம் சுளிக்கவில்லை. அடுத்தவன் ஊரை அடித்துக் கொண்டுவருவது கௌரவமான வருமானம். டிராயிலிருந்து கிளம்பிய கையோடு ஒடிசியஸ் சிக்கோனியர் ஊரைச் சூறையாடி, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பொருளையும் பங்கு போட்டதைத் தானே சொல்கிறான். கதையின் முடிவில் மனைவியிடமும் சொல்கிறான்: தின்று தீர்த்த மந்தைகளில் நிறையக் கொள்ளையடித்தே ஈடுகட்டிவிடுவேன், மீதியை ஊரார் தருவார்கள் என்று.

லேயர்ட்டிஸ் ஏன் தோட்டத்தில் இருக்கிறார்? முதல்வன் என்ற இடம் கைபலத்தில் நிற்கிறது. கை தளர்ந்ததும் அது போய்விடும். அவரும் ஒரு காலத்தில் நெரிக்கஸ் என்ற கோட்டையைப் பிடித்தவர். பாதாள உலகத்தில் அக்கிலீஸின் ஆவி ஒடிசியஸிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அதன் தந்தை பீலியஸைப் பற்றியது: கை கால் தளர்ந்துவிட்டதென்று ஊரார் என் அப்பாவை மதிக்காமல் போய்விட்டார்களா? கிழவர்களின் கதி என்ன என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிகிறது. லேயர்ட்டிஸ் தளர்ந்தபோது மகன் இருந்தான், சிக்கல் இல்லை. மகன் போர் முடிந்தும் வரவில்லை. பேரனுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. இடைப்பட்ட இருபது வருஷம் அந்த வீடு ஆணின் கை இல்லாத வீடு.

இங்கே இன்னொன்றும் சேருகிறது. பதினாறாம் காண்டத்தில், ஆள் யாரென்று தெரியாமல் ஒடிசியஸிடமே டெலிமாக்கஸ் தன் குலத்தின் கதையைச் சொல்கிறான்: அர்க்கெயிசியஸுக்கு லேயர்ட்டிஸ் ஒரே பிள்ளை, லேயர்ட்டிஸுக்கு ஒடிசியஸ் ஒரே பிள்ளை, ஒடிசியஸுக்கு நான் ஒரே பிள்ளை. ஒடிசியஸுக்கு ஒரு தங்கை உண்டு, க்டிமெனி. அவளைச் சாமே தீவில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சித்தப்பா இல்லை, பெரியப்பா இல்லை, பங்காளி என்று ஓர் ஆள் இல்லை. பங்காளித் தகராறே இல்லாத வீடு என்று நாம் பொறாமைப்படலாம். ஆனால் போலீஸும் கோர்ட்டும் இல்லாத ஊரில் தடியெடுத்து வரப் பங்காளிகள்தான் உண்டு. மூன்று தலைமுறையாக ஒற்றைப்பிள்ளை வீடு என்பது அங்கே பாதுகாப்பில்லாத வீடு. ஒடிசியின் சிக்கல் முழுவதையும் நான் இந்த ஒற்றை வரியிலிருந்துதான் விளக்குவேன். அண்ணன் தம்பி நாலு பேர் இருந்திருந்தால் ஆன்டினோஸ் அந்த வாசல்படி ஏறியிருக்க மாட்டான், ஹோமருக்கும் பாதிக் கதை போயிருக்கும்.

ஊர் என்று ஒன்று இல்லாமல் இல்லை, சபை உண்டு. ஆனால் டெலிமாக்கஸ் கூட்டும் சபையில் கிழவர் ஈஜிப்டியஸ் எழுந்து, ஒடிசியஸ் கப்பலேறிய நாளிலிருந்து இதுவரை ஒரு கூட்டம்கூட நடக்கவில்லையே, யார் கூட்டியது என்று கேட்கிறார். இருபது வருஷம் சபை கூடாமலே ஊர் நடந்திருக்கிறது! அந்தக் கிழவருக்கு நான்கு பிள்ளைகள். ஒருவன் ஒடிசியஸோடு போய் ஒற்றைக்கண் அரக்கனுக்கு இரையானவன். இன்னொருவன் ஒடிசியஸ் வீட்டில் உட்கார்ந்து தின்கிறவர்களில் ஒருவன். இரண்டு பேர் அப்பாவின் நிலத்தைப் பார்க்கிறார்கள். ஊரில் யார் எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியாததற்கு அந்தக் குடும்பம் ஒன்றே போதும். டெலிமாக்கஸ் அழுகிறான், செங்கோலைத் தரையில் எறிகிறான். சபை அனுதாபத்தோடு கேட்டுவிட்டுக் கலைந்துபோகிறது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரமோ, சொன்னால் நிறைவேற்றும் கையோ அதற்கு இல்லை.

வெளியூர் விவகாரமும் இப்படித்தான். மெஸ்ஸீனியர்கள் இதாக்காவிலிருந்து 300 ஆடுகளை மேய்ப்பர்களோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றிப் போய்விட்டார்கள். ஈடு கேட்டு வரச் சொல்லி அப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் அனுப்பியது இளவட்டமாக இருந்த ஒடிசியஸை. போன இடத்தில் இஃபிடஸ் என்பவனோடு நட்பு ஏற்பட்டு, அவன் கொடுத்த வில்தான் கடைசியில் வீட்டுக்குள் புகுந்த வாலிபர்களைக் கொல்ல ஒடிசியஸுக்கு உதவுகிறது. இந்த விருந்து-நட்புதான் அவர்களுக்கு வெளியுறவுத் துறை. நீ என் வீட்டில் உண்டால் உன் பேரனும் என் பேரனும்வரை உறவு. டிராய் போருக்கு ஒடிசியஸை அழைக்க அகமெம்னான் வந்தபோது தங்கியது ஒடிசியஸ் வீட்டில்கூட அல்ல. தன் விருந்து-நண்பன் மெலானியஸின் வீட்டில். பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தார்களாம். (பைத்தியம்போல நடித்து நிலத்தை உழுததும் பாலமீடிஸ் அதைக் கண்டுபிடித்ததும் ஹோமரில் இல்லாத கதை, வேறு காவியத்தைச் சேர்ந்தது.) அகமெம்னான் கட்டளையிட முடியவில்லை, கெஞ்ச வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியை மணந்தால் நாடு கிடைக்குமா? இல்லையென்றால் 108 பேர் ஏன் அவளையே சுற்ற வேண்டும்? அவளாவது பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாமே.

பதில்: கணக்கு சரி. டூலிக்கியத்திலிருந்து 52, சாமேயிலிருந்து 24, சாக்கிந்தஸிலிருந்து 20, இதாக்காவிலிருந்தே 12. அவளை மணந்தவனுக்கு முதல்வன் பட்டம் தானாக வந்துவிடும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் ஒடிசியஸ் இருந்த இடத்தில் போய் உட்கார அவனுடைய மனைவி அருகில் இருந்தால் வசதி. அவர்கள் அதிகம் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு இது. வாய்விட்டுச் சொல்லும் கணக்கு இன்னும் கீழ்த்தரமானது: பையனைக் கொன்றுவிட்டு, மாடு மந்தைகளை நாம் பங்கு போட்டுக்கொள்வோம், வீட்டை மட்டும் அவளுக்கும் அவளைக் கட்டுகிறவனுக்கும் விட்டுவிடுவோம்.

பெனலோப்பியின் நிலைமை உண்மையிலேயே சிக்கலானது. அவள் விதவையா என்று யாருக்கும் தெரியாது. விதவை என்றால் அப்பா இக்காரியஸ் வேறு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அல்லது வயது வந்த மகன் கட்டிக்கொடுக்க வேண்டும். அம்மாவை நானாக வெளியே அனுப்பினால் தாத்தாவுக்குப் பெரும் ஈடு கொடுக்கவேண்டி வரும் என்று டெலிமாக்கஸ் சபையில் சொல்கிறான். அம்மாவின் சாபத்துக்கும் ஊர்ப்பழிக்கும் பயப்படுகிறான். புறப்படும்போது ஒடிசியஸ் அவளிடம் சொல்லிவிட்டுப் போனது, பையனுக்குத் தாடி முளைத்ததும் உனக்குப் பிடித்தவனை மணந்துகொண்டு வீட்டைவிட்டுப் போ என்று. இப்போது தாடி முளைத்துவிட்டது. மாமனாருக்குப் பிணப்போர்வை நெய்கிறேன் என்று பகலில் நெய்ததை இரவில் பிரித்து மூன்று வருஷம் ஓட்டியவளுக்கு நான்காம் வருஷம் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

ஊர் வழக்கத்தை யார் மீறுகிறார்கள் என்பதையும் பெனலோப்பியே அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். பெண் கேட்டு வருகிறவன் தன் மாட்டையும் ஆட்டையும் ஓட்டிவந்து பெண் வீட்டாருக்கு விருந்து போடுவான், பரிசம் கொண்டுவருவான். நீங்கள் எங்கள் வீட்டுச் சோற்றையே தின்கிறீர்கள். உடனே பரிசு கொண்டுவர ஆளனுப்புகிறார்கள். ஆன்டினோஸிடமிருந்து பன்னிரண்டு தங்க ஊசி கோத்த அழகிய அங்கி, யூரிமாக்கஸிடமிருந்து அம்பர் கோத்த பொன்மாலை, இன்னொருவனிடமிருந்து காதணி. பிச்சைக்காரன் வேஷத்தில் மூலையில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம், என் மனைவி எவ்வளவு சாமர்த்தியமாகக் கறக்கிறாள் என்று. இந்தத் தம்பதி ஏன் பொருத்தமானது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கேள்வி: மகள் கேட்கும் கேள்வி இது. பன்றி மேய்க்கும் அடிமையோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நல்ல மனிதன், பன்னிரண்டு வேலைக்காரப் பெண்களை எப்படித் தூக்கில் போடச் சொல்கிறான்?

பதில்: இரண்டும் ஒரே மனிதன்தான், ஒரே வீட்டு முறைதான். அதை மென்மையாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை.

யூமேயஸின் கதையைப் பாருங்கள். சிரியே என்ற தீவின் ராஜா க்டெசியஸின் மகன் அவன். வீட்டிலிருந்த ஃபினீசிய அடிமைப்பெண் தன் நாட்டு வியாபாரிகளோடு ஓடிப்போனபோது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனாள். அவர்கள் இதாக்காவில் இறக்கி லேயர்ட்டிஸுக்கு விற்றார்கள். வயதான செவிலி யூரிக்ளியாவும் பெயர் சொல்லும்படியான வீட்டுப் பெண்தான். அவளுடைய அப்பா, தாத்தா பெயரைக்கூட ஹோமர் தருகிறார். லேயர்ட்டிஸ் அவளை 20 மாட்டு விலை கொடுத்து வாங்கினார், மனைவிக்குச் சமமாக மதித்தார், ஆனால் மனைவியின் கோபத்துக்கு அஞ்சிப் படுக்கைக்கு அழைக்கவில்லை என்று ஒரு தகவல். அழைப்பதுதான் வழக்கம் என்பது இந்த விதிவிலக்கிலிருந்து புரிகிறது. ‘இலியட்’டில் மல்யுத்தப் போட்டிக்கு வைத்த பரிசுகளில் முதல் பரிசான கொப்பரையின் மதிப்பு 12 மாடு, தோற்றவனுக்குக் கைவேலை தெரிந்த ஒரு பெண், மதிப்பு 4 மாடு.

அடிமைக்கு அந்த வீட்டில் ஓர் இடம் உண்டு, இடம் இருந்தால் சலுகையும் உண்டு. யூமேயஸ் எஜமானைக் கேட்காமலே தொழுவம் கட்டியிருக்கிறான். தன் சொந்தப் பொருளைக் கொடுத்து மெசாலியஸ் என்ற அடிமையை வாங்கி வைத்திருக்கிறான். அடிமைக்கு அடிமை! வீட்டோடு ஒட்டாத கூலிக்காரனின் கதி இதைவிட மோசம். பாதாளத்தில் அக்கிலீஸ், செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட நிலமற்ற ஒருவனிடம் கூலிக்கு இருப்பேன் என்கிறான். உலகத்தில் கடைசிப் படி எது என்று தேடிய அவனுக்கு அடிமை தோன்றவில்லை, கூலிக்காரன் தோன்றுகிறான். வருஷம் முடிந்ததும் கூலி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டிராயின் பழைய அரசன் லாவோமிடன், ஒரு வருஷம் வேலை செய்த கடவுள்களையே கூலி கொடுக்காமல் விரட்டியவன்.

ஆனால் சலுகைக்கெல்லாம் விலை விசுவாசம். வீட்டில் 50 பெண்கள், அவர்களில் 12 பேர் வந்தவர்களோடு படுத்தவர்கள். அவர்களுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்பது அந்தச் சமூகத்துக்குக் கேள்வியே அல்ல. பெண்களின் உடம்பும் வீட்டுத் தலைவனின் சொத்து, சொத்து பிறன் கைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். வாளால் வெட்டச் சொன்னது ஒடிசியஸ். அது கௌரவமான சாவு என்று சொல்லிக் கப்பல் கயிற்றில் தொங்கவிட்டது டெலிமாக்கஸ். அதற்கு முன் அந்தப் பெண்களையே, கொல்லப்பட்ட வாலிபர்களின் பிணங்களைத் தூக்கி, ரத்தத்தைக் கழுவி, கூடத்தைச் சுத்தம் செய்ய வைத்தார்கள். மார்கரெட் அட்வுட் 2005-இல் ‘தி பெனலோப்பியாட்’ நாவலில் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் குரல் கொடுத்தார். உங்கள் மகளுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். ஹோமரையும் குறைசொல்லிவிட முடியாது. மாவரைக்கும் 12 பெண்களில் உடல் நலிந்த ஒருத்தி மட்டும் அன்றைய அளவை முடிக்க முடியாமல் விடியும்வரை திரிகையைச் சுற்றுகிறாள். இதுவே இவர்கள் தின்னும் கடைசி விருந்தாக இருக்கட்டும் என்று ஜீயஸை வேண்டுகிறாள். முழங்கால் ஒடிந்துபோன அவளுடைய வேண்டுதலைத்தான் நல்ல சகுனமாக ஒடிசியஸ் எடுத்துக்கொள்கிறான். விருந்தின் மாவு யார் உழைப்பில் வந்தது என்று அந்தக் கவிக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வாலிபர்களைக் கொன்ற பிறகும் பாருங்கள். ஒடிசியஸின் முதல் கவலை தர்மநியாயம் இல்லை. ஊரில் ஒரே ஒருவனைக் கொன்றவன்கூட, கொல்லப்பட்டவனுக்கு உறவினர்கள் குறைவாக இருந்தாலும், ஊரைவிட்டு ஓடிப்போகிறான். நாம் ஊரின் பெரிய வீட்டுப் பிள்ளைகளையே கொன்றிருக்கிறோம், என்ன செய்வது என்று மகனிடம் கேட்கிறான். கல்யாண வீடு மாதிரி ஆட்டமும் பாட்டும் நடத்தி ஊரை ஏமாற்றுகிறார்கள். மறுநாள் ஆன்டினோஸின் அப்பா யூபெய்தஸ் ஆயுதத்தோடு வருகிறார். இந்த யூபெய்தஸ் ஒருமுறை கடற்கொள்ளையரோடு சேர்ந்து நட்பு நாட்டைத் தாக்கப்போய், ஊரார் அவரைக் கொல்ல வந்தபோது காப்பாற்றியவன் ஒடிசியஸ்தான். பழைய கடன் தீர்ந்துவிட்டது, இப்போது மகனின் ரத்தம். லேயர்ட்டிஸின் ஈட்டி அவரைச் சாய்க்கிறது. பழிக்குப்பழியை நிறுத்த அந்த ஊரில் யாருக்கும் அதிகாரமில்லை. அத்தீனா தேவியே இறங்கி வந்து நிறுத்துகிறாள். காவியத்தின் முடிவு அவசரமாக முடித்ததுபோல் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அந்தச் சமூகத்திடம் வேறு முடிவு இல்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: இதெல்லாம் எந்தக் காலத்து நிலைமை? அப்படி ஒருவன் இருந்தானா? நம் சங்ககாலக் குறுநில மன்னர்களை நினைவூட்டுகிறதே.

பதில்: இருந்தான் என்பதற்குச் சான்று இல்லை. அவன் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலம் கி.மு. 1200-ஐ ஒட்டியது, பாட்டு இப்போதைய உருவத்துக்கு வந்தது பெரும்பாலும் கி.மு. எட்டாம் நூற்றாண்டு, அல்லது அதற்குச் சற்றுப் பிந்தி. நடுவே நானூறு ஐந்நூறு வருஷம், பாதிக்குமேல் எழுத்தே இல்லாத காலம்.

முந்தைய காலம் எப்படி இருந்தது என்று இப்போது ஓரளவு தெரியும். பைலோஸ் போன்ற அரண்மனைகள் தீப்பிடித்தபோது வெந்து கெட்டியான களிமண் பலகைகளை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டினார். ஆடு எத்தனை, நெசவுப் பெண்களுக்குத் தானியம் எவ்வளவு என்று எழுத்தர்கள் குறித்துவைத்த கணக்குகள். உச்சியில் வானக்ஸ் என்ற பேரரசன். ஹோமரில் ராஜாவைக் குறிக்கும் பாசிலெயுஸ் என்ற பெயர் அந்தப் பலகைகளில் உள்ளூர்த் தலைவன் ஒருவனுக்கு, சில இடங்களில் வெண்கலக் கம்மியர்களைக் கண்காணிப்பவனுக்கு. அரண்மனைகள் எரிந்தன, வானக்ஸ் போனான், எழுத்தர் போனார்கள். உள்ளூர்த் தலைவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். யூமேயஸ் மந்தைக் கணக்கை வாயால் ஒப்பிப்பதற்கும் நீங்கள் தேடிய மந்திரி கிடைக்காததற்கும் காரணம் இதுதான்.

மோசஸ் ஃபின்லி 1954-இல் எழுதிய ‘ஒடிசியஸின் உலகம்’ இந்தச் சமூகத்தைக் கி.மு. பத்து, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வைத்தது. பின்வந்தவர்கள் பலர் ஹோமரின் சொந்தக் காலத்துக்கே இழுத்துவந்தார்கள். ஆன்டனி ஸ்நாட்கிராஸ் 1974-இல், இது எந்த ஒரு காலத்துச் சமூகமும் அல்ல, பல காலங்களின் கலவை என்று வாதிட்டார். மாப்பிள்ளை பரிசம் தருவதும் பெண் வீட்டார் சீர் தருவதும் ஒரே கதையில் வருவது அவர் காட்டிய உதாரணம். கலவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ‘இலியட்’ பத்தாம் காண்டத்தில் ஒடிசியஸ் அணியும் காட்டுப்பன்றித் தந்தம் பதித்த தலைக்கவசம், தாத்தா ஆட்டோலைக்கஸ் திருடிய அதே கவசம், ஹோமருக்குப் பல நூற்றாண்டு முன்பே வழக்கொழிந்தது. அந்த அரண்மனைக் காலத்து மைசீனியக் கல்லறைகளில் அப்படியே கிடைத்திருக்கிறது. ஆனால் வீடு, விருந்து, சபை, பரிசு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நடமாடுவதைப் பார்த்தால், கேட்டவர்களுக்குப் பழக்கமான வாழ்க்கையிலிருந்துதான் இது வந்திருக்கும் என்று ஃபின்லி பக்கமே சாய்கிறேன். நூற்றாண்டில் மட்டும் அவரோடு உடன்பாடில்லை.

இன்றைய இதாக்கி தீவுதான் அவனுடைய தீவா என்ற தகராறு தனி. ஹோமர் சொல்லும் திசை அடையாளங்கள் சரியாகப் பொருந்தவில்லை. டோர்ப்ஃபெல்ட் லெஃப்காஸ் தீவைக் காட்டினார், இந்த நூற்றாண்டில் பிட்டில்ஸ்டோன் கெஃபலோனியாவின் மேற்கு முனையைக் காட்டினார். உறுதியான ஒன்று: இதாக்கியில் போலிஸ் விரிகுடாக் குகையில் 1930-களில் சில்வியா பென்டன் தோண்டியபோது, கி.மு. ஒன்பது, எட்டாம் நூற்றாண்டுகளின் மூன்று கால் வெண்கலக் கொப்பரைகள் வரிசையாகக் கிடைத்தன. பல நூற்றாண்டு பிந்திய ஒரு சுடுமண் முகத்துண்டில் ஒடிசியஸுக்கான நேர்த்திக்கடன் என்று பொறித்திருந்தது. ஆள் இருந்தானோ இல்லையோ, அவனைக் கும்பிட்டவர்கள் இருந்தார்கள்.

சங்ககால ஒப்புமை உங்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. கோலாலம்பூரில் பிறந்த இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, 1968-இல் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். ஹோமரை வாய்மொழிப் பாடலாக ஆராய்ந்த மில்மன் பாரியின் முறையைப் புறப்பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்த நூல். சங்கப் பாடல்கள் எந்த அளவுக்கு வாய்மொழி என்பதில் அவரை மறுத்தவர்கள் உண்டு. தலைவனைச் சுற்றியுள்ள வாழ்க்கையில் ஒற்றுமை நிறைய: கொள்ளையில் வந்த ஆநிரை, கொடை, உண்டாட்டு, பாணன். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. புறப்பாடலில் புலவர் பெயரோடு நிற்கிறார், எதிரே உயிரோடு இருக்கும் தலைவனைப் பார்த்து ‘நீ’ என்கிறார், பரிசில் கேட்கிறார், கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்கிறார். ஹோமரின் பாணர்கள் தங்கள் முன் உட்கார்ந்திருக்கும் ராஜாவைப் பாடுவதில்லை. ஃபையேக்கியர் சபையில் டெமோடாக்கஸ் டிராய் போரைப் பாடும்போது, அந்தப் பாட்டின் நாயகனே எதிரில் உட்கார்ந்து போர்வைக்குள் அழுதுகொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது.